தண்டும் தம்பிகளும்

காக்ஸ் டவுனுக்குப் பெயர் தந்த காக்ஸ் படைவீரர் அல்லர். குதிரையேறிக் கோட்டை பிடித்தவரும் அல்லர். காடுமலை அலைந்து புதுவழி கண்டவரும் அல்லர். அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸ் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் கலெக்டராக இருந்தவர், கோப்புகளோடு வாழ்ந்த மனிதர். பக்கத்துக் குக் டவுன் ஒரு நகராட்சிக் கமிஷனரின் பெயர். ஃப்ரேசர் டவுன், மைசூரில் ரெசிடெண்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசருடையது. மர்ஃபி டவுனுக்கு ஓர் எஞ்சினியர். கிளீவ்லேண்ட் டவுனுக்கு மட்டும் ஒரு ஜெனரலின் பெயர் வாய்த்தது என்பார்கள். பட்டாளத்துக்காகவே போடப்பட்ட ஊர் இது. ஆனால் அதன் டவுன் பெயர்களில் பட்டாளத்துக்காரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெயரில் இல்லாதவன் பேச்சில் இருக்கிறான். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசும் குரல்களைக் கேளுங்கள். ஆற்காட்டுச் சீமைத் தமிழ், நடுவில் கன்னடம், ஓரத்தில் கொஞ்சம் உருது. இந்தத் தமிழ் இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் ‘பிழைக்க வந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். யாரோடு வந்தார்கள், எதற்காக, எந்த ஆண்டில் என்று கேட்டால் பதில் நீளும். பிரிட்டிஷ் காலத்துப் படைவீரர்களும் நிலம் அளந்தவர்களும் இந்த வட்டாரத்தில் விட்டுப்போன எச்சம் எது என்று பலரும் கல்லிலும் சிலையிலும் தேடுகிறார்கள். நான் அதை மார்க்கெட்டில் தேடச் சொல்வேன்.

கன்னடர்கள் கன்டோன்மென்ட்டைத் ‘தண்டு’ என்பார்கள். கன்டோன்மென்ட் ரயில் நிலையம் பழைய ஆட்களுக்குத் தண்டு ஸ்டேஷன். சிவாஜி நகரில் தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் அதே பெயரில் ஒரு மாரியம்மன் உண்டு. தண்டு என்றால் படை. தண்டநாயகன் என்ற சொல்லைக் கல்வெட்டில் படித்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆங்கிலேயர் ‘கன்டோன்மென்ட்’ என்று பெயரிட்ட இடத்துக்கு இரண்டு மொழிக்காரர்களும் தங்கள் பழைய சொல்லையே எடுத்துப் போர்த்தினார்கள். பட்டாளம் எங்கே தங்கினாலும் அங்கே ஒரு மாரியம்மன் வேண்டும் என்பதும் பழைய ஏற்பாடுதான்.

இந்தத் தண்டு 1809இல் வந்தது. கதை அதற்கும் முந்தியது.

1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை கிடைத்திராத அடி. இருபதே நாளில், செப்டம்பர் 30ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ‘பயனியர்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. சண்டை போடுவதைவிடச் சண்டைக்கு வழி செய்வது அவர்கள் வேலை. பாதை வெட்ட வேண்டும், பீரங்கி இழுக்கத் தரை சமன் செய்ய வேண்டும், ஆற்றில் பாலம் போட வேண்டும், கோட்டைச் சுவரில் ஏணி சாத்த வேண்டும். எதிரி சுடும்போது கையில் துப்பாக்கிக்குப் பதில் கடப்பாரையோடு முன்னால் நிற்பவன் பயனியர். திரட்டும் பொறுப்பு பீரங்கிப் படையின் ஜோசப் மூர்ஹவுஸ் என்ற அதிகாரியிடம் வந்தது.

அந்த மூர்ஹவுஸ் பதினோராம் ஆண்டில் பெங்களூரில் செத்தார். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் திப்புவின் பெங்களூரை முற்றுகையிட்டபோது, 7ஆம் தேதி பேட்டை வாசலைப் பிடிக்கும் சண்டையில் குண்டடிபட்டார். படையோடு வந்திருந்த ஓவியர் ராபர்ட் ஹோம் அந்தச் சாவைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். கோட்டை 21ஆம் தேதி இரவு விழுந்தது. அதைக் காத்து நின்ற கில்லேதார் பகதூர் கான் போரிலேயே மாண்டார். சண்டையில் இறந்த கம்பெனிக்காரர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூண் ஒன்று மாநகராட்சி அலுவலகத்துப் பக்கம் வெகுகாலம் நின்றது. 1964இல், அடிமைச் சின்னம் என்று போராட்டம் நடந்து, அது அகற்றப்பட்டது. போராடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படையெடுத்து வந்தவனுக்குப் படையெடுக்கப்பட்ட ஊரே தூண் தாங்கி நிற்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சண்டையில் கம்பெனிக்காக மடிந்தவர்களில் கணிசமானவர்கள் மதராஸ் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வெள்ளைக்காரன் நினைவைப் பெயர்த்தபோது அவர்கள் நினைவும் சேர்ந்தே பெயர்ந்தது. அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

திப்பு 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்தில் விழுந்த பிறகு, பிடித்த நாட்டை அளக்க வேண்டிய வேலை வந்தது. இந்த இடத்தில் வில்லியம் லாம்ப்டன் வருகிறார். ஆர்தர் வெல்லெஸ்லியின் 33ஆம் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயது கடந்தும் பெரிய பதவி எட்டாதவர், கணக்கிலும் வானியலிலும் ஊறியவர். ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் ஓர் இரவு, தெற்கே போக வேண்டிய படை எதிரியிருக்கும் வடக்கு நோக்கிப் போவதை விண்மீன்களைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை நிலைத்துவிட்டது. போர் முடிந்ததும் அவர் கேட்டது பதவி உயர்வு இல்லை. தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க அனுமதி கேட்டார்.

முக்கோண அளவையின் சூட்சுமம் எளிது. ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் கிடந்து அளந்தால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்து மலையுச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் மற்ற தூரங்களைக் கணக்கே சொல்லிவிடும். ஆனால் அந்த முதல் கோட்டில் ஓரங்குலம் பிசகினால் நாடு முழுக்கப் பிசகும். லாம்ப்டன் தம் முதல் கோட்டை 1800ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பெங்களூரில் போட்டார். ஒரு முனை தெற்கே அகரம். மறுமுனை வடக்கே பானஸ்வாடி, அதாவது காக்ஸ் டவுன்காரர்கள் இன்று பஸ் ஏறிப் போய்வரும் அடுத்த ஊர். நீளம் சுமார் ஏழரை மைல். அளக்கக் கையிலிருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாமென்று திரும்பிய பொருட்களோடு கல்கத்தாவுக்கு வந்த சங்கிலி அது. அதை மரப்பெட்டிகளில் நீட்டிக் கிடத்தி, வெயிலில் எஃகு எவ்வளவு நீளும் என்று வெப்பமானி பார்த்துக் கழித்து, மறுபடி தூக்கி, மறுபடி கிடத்தி, ஏறத்தாழ நானூறு முறை செய்ய வேண்டும். தூக்கியவர்கள் யார்? லாஸ்கர்கள் என்ற ஒற்றைச் சொல்லில் பதிவேடு அவர்களை முடித்துக்கொள்கிறது.

அந்தக் கோடு பிறகு கைவிடப்பட்டது. இங்கிலாந்திலிருந்து நல்ல கருவிகள் வருவதாகத் தெரிந்ததும் லாம்ப்டன் சென்னைக்குப் போய் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் புதிதாகத் தொடங்கினார். உலகப் புத்தகங்களில் அதுதான் தொடக்கமாக நிற்கிறது. பானஸ்வாடிக் கோடு ஒத்திகை. ஆனால் ஒத்திகை பார்த்த ஊருக்கும் ஒரு சொந்தம் உண்டல்லவா? 1868இல் மீண்டும் பெங்களூரில் ஓர் அடிக்கோடு அளந்தார்கள். அதன் வடகிழக்கு முனையில், ஹென்னூர்ப் பக்கத்துக் கண்ணூரில், நூறாண்டுக்கும் மேலாக நின்ற கட்டடம் அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டது. மனை விலை ஏறிய ஊரில் அளவைக் கல்லுக்கு ஆயுசு குறைவு.

லாம்ப்டனைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றினார்கள். சுற்றிலும் சமவெளி, வேறு உயரம் இல்லை. பாதியில் கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்து ஆறு வாரம் தட்டித் தட்டி அதன் வளையத்தை மறுபடி வட்டமாக்கினார். 1823 ஜனவரியில் மராட்டியப் பகுதியில் ஹிங்கன்காட் என்ற ஊரில், அளந்துகொண்டு போகும் வழியிலேயே, எழுபது வயதை ஒட்டி இறந்தார். இந்தியாவில் கழித்த ஆண்டுகளில் அவர் யாரையும் பெரிதாக வென்றதாகக் கதை இல்லை. எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் உண்டு. அதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அளவைப்படம் அடுத்த படையெடுப்புக்கும் வரிவசூலுக்கும்தான் பயன்பட்டது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்கிறேன்.

பெங்களூரில் லாம்ப்டனுக்கு உதவிய இருவரில் ஒருவர் ஜான் வாரன். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலப் படையில் லெஃப்டினண்ட், வானியல் அறிந்தவர். 1802இல் மைசூரின் கிழக்கெல்லையை அளக்கப் போனபோது கோலார்ப் பக்கத்து மண்ணில் பொன் இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டார். காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டிவண்டியாக மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். சுமார் 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், நம் கணக்கில் அரைக் குன்றிமணி எடை. ‘கண்டுபிடித்தவர்’ என்று வாரனை எழுதுகிறோம். அவர் கண்டுபிடித்தது, மண்ணைத் தலைமுறை தலைமுறையாக அலசிக்கொண்டிருந்த மனிதர்களைத்தான்.

வாரனிடம் ஒரு நற்குணம்: யாரிடம் கற்றோம் என்பதை மறைக்கவில்லை. பின்னாளில் அவர் தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்தைப் பற்றி ‘கால சங்கலிதம்’ என்ற நூலை எழுதி 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, அந்த ஆண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தை அவர் முன்னால் கணக்கிட்டார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் இந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு, அந்த முறையின் வேர் பாபிலோனிய வானியல் வரை போவதாகக் காட்டினார். ஒரு பட்டாளத்து அதிகாரி எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்தச் சோழிக் கணக்கு உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

கோலார் பொன்னைப் பற்றிய வாரனின் அறிக்கை எழுபது ஆண்டுகள் தூங்கியது. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போர்களில் சண்டையிட்டுவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குடியேறிய மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய் அதைப் படித்தார். நியூசிலாந்தில் தங்கம் தேடும் வெறியைக் கண்டவர் அவர். 1871இல் மாட்டுவண்டி கட்டி அறுபது மைல் தூரம் கோலாருக்குப் போனார். 1873இல் மைசூர் அரசுக்கு எழுதி உரிமம் வாங்கினார். பணம் கரைந்ததே தவிரப் பொன் வரவில்லை, உரிமத்தைக் கைமாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கிய பிறகு கோலார் தங்கவயல் உலகப் பெயர் பெற்றது. லவேல் பெயரில் பெங்களூரில் பகட்டான ஒரு ரோடு இருக்கிறது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களோ வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அன்றிலிருந்து தங்கவயல் பிள்ளைகள் விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இருட்டியபின் திரும்புகிறார்கள். அந்த ரயில்கள் காக்ஸ் டவுனை ஒட்டிய பெங்களூர் ஈஸ்ட் நிலையத்தைக் கடந்துதான் போகின்றன. லாம்ப்டனின் சங்கிலி, வாரனின் காகிதம், லவேலின் மாட்டுவண்டி, இந்தக் காலை ரயில் எல்லாம் ஒரே கயிற்றில் முடிச்சிட்டவை.

இனி தம்பிகள்.

ஸ்ரீரங்கப்பட்டினத்தின் காய்ச்சலுக்குப் பயந்து கம்பெனி தன் படையை 1809 வாக்கில் அல்சூர் ஏரிக்கரை மேட்டுக்கு மாற்றியது. மதராஸ் படை வந்தால் மதராஸே வரும். சமையற்காரர், வண்ணார், புல்லறுப்போர், மாட்டுவண்டிக்காரர், தச்சர், கொத்தனார், கசாப்புக்காரர், தானியம் கொடுக்கும் முதலியார்கள், துபாஷிகள். ஒரு சிப்பாய்க்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பட்டாளம் சிறுபான்மை. ஆற்காடு நாராயணசாமி முதலியார் அந்த வரிசையில் வந்து உயர்ந்தவர். ஒப்பந்ததாரராக, இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டினார். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை கன்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஊரோடு உறவு அறுபடாமல் இருக்க வழி பிறந்தது. ரயில் முதலில் வந்தது தண்டுக்குத்தான், பழைய ஊரான பெங்களூர்ப் பேட்டைக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

1834இல் மூர்ஹவுஸின் பயனியர்களின் வாரிசான மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைத் தலைமையகம் பெங்களூருக்கு வந்தது. இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து கூப்பிடு தூரம். இந்திய ராணுவத்தில் இந்தப் படைக்காரனுக்கு ஒரே பெயர்: தம்பி. ராஜஸ்தானத்து அதிகாரியும் பஞ்சாபி ஜெனரலும் இவர்களைத் ‘தம்பி’ என்றே சொல்வார்கள்.

அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் தம்பி என்றால் அன்பு. கூடவே ஒரு படி கீழே என்பதும் அதில் உண்டு. வீட்டில் பிறந்தவனையும் தம்பி என்போம், கடைப்பையனையும் தம்பி என்போம். வெள்ளை அதிகாரி எடுத்துக்கொண்டது எந்தப் பொருளில் என்பதற்கு ஒரு சாட்சி போதும். தம்பி என்றால் அண்ணன் ஒருவர் இருக்க வேண்டும். அதிகாரியைச் சிப்பாய் அண்ணன் என்று அழைத்ததில்லை. துரை என்றுதான் அழைத்தான். உறவுச்சொல் ஒருபக்கமாக மட்டும் ஓடியது.

ஆனால் அந்தச் சொல்லைத் தம்பிகளே பிறகு தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். இந்தப் படையில் பறையர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் நிறையச் சேர்ந்தார்கள். கையில் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கும் வேலைக்கு மேல்சாதியார் முண்டியடிக்கவில்லை என்பது ஒரு காரணம். ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாதவன் இங்கே பாலம் கட்டும் கணக்குப் படித்தான், சீருடை அணிந்தான், பென்ஷன் வாங்கினான். ‘குயீன்ஸ் சாப்பர்ஸ்’ என்ற பெயர் குறுகிக் ‘குயின்சாப்’ ஆகி, அதுவே ஒரு சாதிப் பெயர்போல வழங்கியதாக அக்கால ஆங்கில ராணுவ எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாதி கேட்டால் படையின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடிந்தது என்பது தமிழ்நாட்டு வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை.

தலைப்பாகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூரில் மதராஸ் சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகை. தொப்பிபோல் இருக்கிறது, தோல் பட்டை இருக்கிறது, நம்மை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று கொதித்தார்கள். நெற்றிக் குறியும் காதுக் கடுக்கனும் தாடியும் கூடாது என்ற உத்தரவும் சேர்ந்து எரிந்தது. அதே மதராஸ் படையின் மற்றொரு கிளையில் உயரமான ‘டுப்டா’ என்ற தனித்தன்மையான தலையணி தம்பிகளின் பெருமைச் சின்னமானது. தலையில் வைப்பது எது என்பதைவிட, அதை வைக்கச் சொல்கிற விதமும் வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதும் முக்கியம் போலும்.

தம்பிகள் போன இடங்களின் பட்டியல் நீளமானது. எகிப்து, ஜாவா, பர்மா, சீனா, பாரசீகம், அபிசீனியா. 1843 பிப்ரவரி 17ஆம் தேதி சிந்துவில் மியானிப் போரில் சார்லஸ் நேப்பியரின் சிறிய படையில் மதராஸ் சாப்பர்ஸின் ஒரு கம்பெனி இருந்தது. அந்தப் போரின் நினைவாகத்தான் அல்சூர் ஏரிக்கரை முகாமுக்கு ‘மியானி லைன்ஸ்’ என்று பெயர். பெருமையாகச் சொல்லும் இடத்தில் கசப்பும் இருக்கிறது. சிந்துவின் அமீர்களுக்கும் அல்சூர்த் தமிழனுக்கும் என்ன பகை? சீனாவில் அபின் விற்கும் உரிமைக்காக நடந்த போரில் செங்கல்பட்டுக்காரனுக்கு என்ன வேலை? கூலிக்கும் பென்ஷனுக்கும் போனார்கள், பிறர் நாட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிற தமிழ்ப் பெருமிதம் எனக்கு ஒப்பவில்லை.

1912இல் இந்தப் படையோடு பெங்களூரில் இருந்த கேப்டன் மெக்லின்டாக், நீளக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்து முள்கம்பி வேலிக்கடியில் தள்ளி வெடிக்கும் கருவியை உண்டாக்கினார். இரண்டு உலகப் போர்களிலும் அது பயன்பட்டது. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கர்கள் ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அதைக் கூப்பிட்டார்கள். பெங்களூர் என்ற பெயரை உலகப் படைகள் எல்லாம் உச்சரித்தது மென்பொருளால் அல்ல, ஒரு வெடிகுழாயால்.

இதே காலத்தில் மதராஸ் காலாட்படைக்கு இறங்குமுகம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைவராக இருந்த ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் நெடுங்கால அமைதியில் போர்க்குணம் இழந்துவிட்டான் என்று முடிவுகட்டினார். ‘வீர இனங்கள்’ என்ற கோட்பாடு அவர் காலத்தில் வேரூன்றியது. ரெஜிமெண்ட் ரெஜிமெண்ட்டாகக் கலைத்து, வடக்கத்தியர்களை எடுத்தார்கள். சாப்பர்ஸ் தப்பியது. பின்னாளில் பயனியர் என்ற பெயர் தாங்கிய காலாட்படையினர் முதல் உலகப் போரையும் தாண்டித் தாக்குப்பிடித்து, 1933இல் கலைக்கப்பட்டார்கள். பிரிகேட் ரோட்டின் முனையில் நிற்கும் நினைவுத்தூண் அவர்களுடையது. ஷாப்பிங் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் திரும்புகிறார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், போர்க்குணம் இழந்த அதே மதராஸிகளைத் திரும்ப அழைத்து 1940களில் மதராஸ் ரெஜிமெண்ட்டை மறுபடி எழுப்பினார்கள். கோட்பாடு எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காக்ஸ் டவுன் இந்த நீண்ட கதையின் கடைசி அத்தியாயத்தில் வருகிறது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. இன்றைய சிவாஜி நகரான பிளாக்பள்ளியிலும் சுற்றிலும் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள்தான், அதாவது பட்டாளத்துக்குச் சேவை செய்யக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான், கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதன் பிறகுதான் காற்றோட்டமான புதுக் குடியிருப்புகளை ரயில் பாதைக்கு இப்பாலும் அப்பாலும் போட ஆரம்பித்தார்கள். நகராட்சி எஞ்சினியர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் பிளேக் அண்டாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு புத்தகமே எழுதினார். எலி புகாத வீடு கட்டுவது எப்படி என்பதிலிருந்து பிறந்த டவுன்கள் இவை. கலெக்டர்கள், கமிஷனர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்: படை ஊரைக் கொண்டுவந்தது, நோய் ஊரைப் பெயர்த்தது, அலுவலகம் பெயர் வைத்தது.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்னால், கன்டோன்மென்ட் மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. காக்ஸ் டவுனுக்குச் சர்வக்ஞ நகர் என்று புதுப் பெயர் வந்தது; மூன்றடிக் கவி சர்வக்ஞர் பெயர். அல்சூர் ஏரிக்கரையில் ஈரடிக் கவி வள்ளுவரின் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தது. பதிலுக்கு அதே மாதம் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறந்தது. இரண்டு கவிகளும் கைமாற்றாகத்தான் ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஆட்டோக்காரரிடம் சர்வக்ஞ நகர் என்றால் எந்தப் பக்கம் என்பார். காக்ஸ் டவுன் என்றால் மீட்டரைத் தட்டுவார்.

பெங்களூருக்குப் பட்டாள நினைவே இல்லை என்று சொல்ல முடியாது. 1896இல் இங்கே வந்த இளம் குதிரைப்படை அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில் கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனது இன்னும் வாய்க்கு வாய் சொல்லப்படுகிறது. ஆனால் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழோட்டிவாக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி, இத்தாலியில் மின்யானோவில், கண்ணிவெடி அகற்றிப் பாதை செய்துகொண்டிருந்தபோது உடன் வந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குள் இருந்த நொடிகளில் சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் அவர். சர்ச்சிலின் பதின்மூன்று ரூபாய்க்கு இருக்கும் ஆயுசு இந்த நொடிகளுக்கு இல்லை.

காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, அல்சூர், மர்ஃபி டவுன் வீடுகளில் இன்னும் இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அடியில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் ஒன்றிரண்டு பதக்கங்களும் கிடக்கலாம். முதல் உலகப் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் வார்த்தது; பின்னால் போன கூலிப்படை ஆட்களுக்கும் ஊழியர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில். வெள்ளி என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வெண்கலம் என்று எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ராஜாவின் தலை நடுவில் இருக்கும். எண், பதவி, பெயர், படை எல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை ஒரு காகிதத்தில் எழுதி, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.